இழுவை டிரக்குக்கு ரீபில்ட் கியர்பாக்ஸ்: உத்தரவாதத்தை மட்டும் பார்த்து வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டீசல் டிரக்கில் டிரெய்லர் இழுப்பவர்களுக்காகத் தங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போய்விட்டால், எந்தக் கடை அதிக மாதம் உத்தரவாதம் தருகிறதோ அங்கே ரீபில்ட் பெட்டியை வாங்கிவிடுங்கள் என்று அதில் எழுதியிருந்தீர்கள். கியர்பாக்ஸ் பிரித்துப் பூட்டும் தொழிலில் இருப்பவன் என்பதால், இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. உத்தரவாதச் சீட்டை நம்பி வாங்கிய பெட்டி பாரத்தோடு மலையேறும்போது கைவிட்டால், புதுப் பெட்டி இலவசமாக வரலாம். இறக்கி ஏற்றும் கூலியும், டிரக் நின்றுபோன நாட்களும், இழுத்துவர ஆகும் செலவும் பெரும்பாலும் உரிமையாளர் தலையில்தான் விழும். இதைவிட முக்கியமாக, முதல் பெட்டி ஏன் போனது என்று யாரும் பார்க்காவிட்டால் இரண்டாவது பெட்டியும் அதே காரணத்தால்தான் போகும்.

ஆகவே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, போனது கியர்பாக்ஸ்தானா என்பது. நல்ல பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரீபில்ட் பெட்டியிலும் அதே கோளாறைப் பார்த்துத் திகைப்பவர்கள் குறைவில்லை. லாக்-அப் (எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பிணைக்கும் கிளட்ச்) விழுவதும் விடுவதுமாகத் துடித்தால் முதலில் ஆல்டர்னேட்டரைச் சோதியுங்கள். உள்ளே ஒரு டயோடு பழுதானாலும் ஏசி (மாறுதிசை) மின்னோட்டம் கசிந்து ஆக்சிலரேட்டர் சென்சாரின் சிக்னலைக் குழப்பும். டாட்ஜ் டிரக்குகளில் இது நன்கு தெரிந்த நோய். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை ஏசி அளவில் வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அங்கே இருக்கிறது. ஜிஎம் டிரக்குகளில் வரும் அலிசன் 1000 பெட்டியில் கியர் நிலையைச் சொல்லும் சுவிட்சும் அதன் கனெக்டரும் ஈரத்தில் அரித்துப்போனால் டிரக் லிம்ப் மோடுக்கு (கியர் மாறாமல் மெதுவாக மட்டும் ஓடும் காப்பு நிலைக்கு) போய்விடும். பெட்டிக்கும் சேசிஸுக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டை தளர்ந்திருந்தாலும் பலவிதமான பிழைக் குறியீடுகள் விழும். ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை எடுத்து, லைன் பிரஷரை (பெட்டிக்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தத்தை) கேஜ் வைத்து அளந்து, பெட்டியின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டான பானைக் கழற்றி அதிலுள்ள காந்தத்தையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். செதில் செதிலாக இரும்போ, பித்தளை நிறத் துணுக்குகளோ, கருகிய ஃபிரிக்ஷன் தூளோ கிடந்தால் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும்.

பெட்டிதான் போயிருக்கிறது என்று உறுதியானால், கடைக்காரர்கள் பயன்படுத்தும் சொற்களைப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது. ‘யூஸ்டு’ என்றால் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய பெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ‘ரிப்பேர்’ என்றால் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றி மூடியது. ‘ரீபில்ட்’ என்றால் முழுக்கப் பிரித்துக் கழுவி, சீல், கேஸ்கெட், ஃபிரிக்ஷன் பிளேட்டுகளைப் புதிதாகப் போட்டு, மற்றவற்றில் தேய்ந்ததை மாற்றியது. ‘ரீமேனுஃபாக்சர்ட்’ என்றால் ஒரு தொழிற்சாலை ஒழுங்கில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பட்டியலின்படி பாகம் மாற்றி, அளவு பார்த்து, மேடையில் ஓட்டிச் சோதித்தது. இவை பெயர்கள்தான். ஒரு கடையின் ரீபில்ட், இன்னொரு கடையின் ரீமேனுஃபாக்சர்டைவிடத் தரமாக இருக்கலாம். எந்தெந்தப் பாகம் புதிது, எது பழையது, எது அளந்து பார்த்துத் திரும்பப் போட்டது என்பதை எழுத்தில் கொடுக்கத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். பெட்டியின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதுதான் என் கருத்து.

இழுவை வேலையில் பெட்டி எதைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதை ஒரு கணக்கோடு சொன்னால் மீதி எல்லாம் தெளிவாகும். 700 நியூட்டன் மீட்டர் டார்க் தரும் டீசல் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2001-ல் வந்த ஜிஎம்மின் முதல் டியூராமேக்ஸ் எஞ்சின் ஏறத்தாழ இந்த அளவுதான். நின்ற நிலையில் பாரத்தோடு கிளம்பும்போது, எஞ்சினின் சக்தியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் அதைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கும். இன்புட் ஷாஃப்டில் 1,400 நியூட்டன் மீட்டர் நுழைகிறது. அலிசன் 1000-ன் முதல் கியர் விகிதம் 3.10. எனவே வெளியே வருவது 4,300-க்கும் மேல். இத்தனையையும் எண்ணெயில் நனைந்த சில காகித முகப்புப் பிளேட்டுகளும், அவற்றை அழுத்தும் எண்ணெய் அழுத்தமும்தான் தாங்குகின்றன. அழுத்தம் சிறிது குறைந்தாலும் பிளேட் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் கருகும். பெட்டி சாவதற்கு இதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை.

சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் கிளட்சைக் காட்டுவார்கள். உண்மையில் பெரும்பங்கு டார்க் கன்வர்ட்டருடையது. லாக்-அப் விழாத நிலையில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் மட்டுமே இருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் 150 கிலோவாட் சக்தியைத் தர, கன்வர்ட்டர் அதில் பத்து சதவீதத்தை இழந்தால் 15 கிலோவாட் அப்படியே சூடாக எண்ணெயில் இறங்குகிறது. ஏழெட்டு மின்கெண்டிகளை ஒருசேர எண்ணெய்க்குள் போட்டுக் கொதிக்கவைப்பதற்குச் சமம் இது. லாக்-அப் விழுந்த நொடியில் இரு பக்கமும் ஒன்றாகச் சுழலத் தொடங்க, இந்தச் சூட்டில் பெரும்பகுதி நின்றுபோகும். பாரத்தோடு மலையேறும் டிரக் லாக்-அப்பில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் பெட்டிக்கு ஆயுள்.

அதனால்தான் ரீபில்ட் பெட்டியோடு வரும் கன்வர்ட்டரைப் பற்றி, பெட்டியைப் பற்றிக் கேட்பதைவிட அதிகமாகக் கேட்க வேண்டும் என்கிறேன். பழைய கன்வர்ட்டரைத் திரும்பப் பூட்டச் சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். அதன் உள்ளே தங்கிய உலோகத்தூளை வெளியிலிருந்து கழுவி எடுக்கவே முடியாது. வெளிக்கூட்டை வெட்டித் திறந்து, லாக்-அப் முகப்பு மாற்றி, பேரிங் மாற்றி, திரும்ப வெல்டு செய்து பேலன்ஸ் பார்த்ததா என்று கேளுங்கள். உள்ளிருக்கும் இறக்கைகள் சூளையில் பிரேசிங் செய்யப்பட்டிருக்கின்றனவா, ஸ்டேட்டருக்கு (நடுவில் எண்ணெயைத் திருப்பிவிடும் சக்கரத்துக்கு) இருபுறமும் நீடில் பேரிங்கா வெறும் வாஷரா என்பதும் முக்கியம். இழுவைப் பாரத்தில் வாஷர் சீக்கிரம் தேயும்.

முன்பக்க மூடி விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தகட்டை அழுத்திச் செய்த மூடி, அழுத்தம் ஏறும்போது லேசாக உப்பும். அப்போது லாக்-அப் பிஸ்டன் முகப்பு முழுவதும் படியாமல் ஓரத்தில் மட்டும் உரசும், அந்த ஓரம் கருகும். டார்க் கூட்டப்பட்ட எஞ்சினுக்குத் தடித்த எஃகைக் கடைந்து செய்த பில்லட் மூடி தேவைப்படுவது இதனால்தான். லாக்-அப்பில் மூன்று டிஸ்க் உள்ள கன்வர்ட்டர் பற்றிய கேள்வியும் இப்படித்தான் வருகிறது. எஞ்சின் கம்பெனி டியூனிலேயே இருந்தால், பில்லட் மூடியோடு நன்றாகச் செய்த ஒற்றை டிஸ்க் பெரும்பாலான இழுவை வேலைக்குப் போதும். டார்க் பெருமளவு கூட்டியிருந்தால் பல டிஸ்க் வேண்டும். அது லாக் ஆகும்போது சற்று முரட்டுத்தனமாக இடிக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

ஸ்டால் வேகம் என்பது பலர் கேட்காமல் விட்டுவிடும் எண். நின்ற நிலையில் கன்வர்ட்டர் எஞ்சினை எந்தச் சுழற்சி வரை ஏறவிடுகிறது என்பதே ஸ்டால். டீசலுக்கு உச்ச டார்க் 1,600 முதல் 1,800 சுழற்சிக்குள் வந்துவிடுவதால், இழுவைக்கு ஸ்டாலும் அந்த வட்டாரத்தில் இருப்பது நல்லது. 2,400, 2,500 என்று உயர்ந்த ஸ்டால் வைத்தால் பெரிய டர்போ சீக்கிரம் காற்றைக் கூட்டும், ஓட்டத்துக்குச் சுகம். ஆனால் பாரத்தோடு மெதுவாக ஏறும்போது கன்வர்ட்டர் அதிகம் வழுக்கி எண்ணெய் கொதிக்கும். ஒரே கன்வர்ட்டர் அதிக டார்க் எஞ்சினில் அதிக ஸ்டால் காட்டும் என்பதால், உங்கள் எஞ்சின் எது, டியூனர் (எஞ்சின் சக்தியைக் கூட்டும் கருவி) உண்டா, டர்போ மாற்றியதா என்பதைக் கட்டுபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி பலவீனம் உண்டு. அதைச் சரிசெய்திருக்கிறார்களா என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். டாட்ஜின் 47ஆர்இ, 48ஆர்இ இரண்டும் 1962-ல் வந்த மூன்று கியர் பெட்டியின் வழித்தோன்றல்கள், பின்னால் ஓவர்டிரைவ் சேர்த்தவை. முதல் கியர் விகிதம் 2.45 மட்டுமே, ஆகவே பாரத்தோடு கிளம்பும் சுமை கன்வர்ட்டர் மேல் விழுகிறது. பழைய லாக்-அப், டாட்ஜின் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் தரும் டார்க்குக்குத் திணறும், கவர்னர் பிரஷர் சொலினாய்டும் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) அதன் சென்சாரும் அடிக்கடி பழுதாகும். இவற்றைப் புதிதாகப் போட்டிருக்க வேண்டும், லாக்-அப்புக்குப் போகும் அழுத்தத்தை வால்வ் பாடியில் (எண்ணெய் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வுகள் உள்ள பாகத்தில்) உயர்த்தியிருக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் ‘பார்க்’ நிலையில் கன்வர்ட்டருக்கும் கூலருக்கும் எண்ணெய் ஓடாது. நெடுநேரம் ஐடிலில் விடும்போது நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு விடுவது நல்ல பழக்கம்.

அடுத்து வந்த 68ஆர்எஃப்இ-யில் ஆறு கியர், முதல் கியர் 3.23. கிளம்புவது எளிது. அங்கே நோய் வால்வ் பாடியில். தகடு வளைந்து ஒரு பாதையின் அழுத்தம் அடுத்த பாதைக்குக் கசிந்து, ஓவர்டிரைவ் கிளட்ச் பாதி அழுத்தத்தில் வழுக்கி எரியும். எரிந்த ஓவர்டிரைவ் பிளேட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தால் சில மாதங்களில் மீண்டும் எரியும். ஃபோர்டின் 4ஆர்100, 7.3 லிட்டர் எஞ்சினுக்குப் பின்னால் இருந்தது. அதன் பலவீனம் கன்வர்ட்டரின் லாக்-அப்தான். 2003-ல் வந்த 5ஆர்110 இழுவைக்கு உறுதியான பெட்டி. 2011-ல் வந்த 6ஆர்140 அதைவிட உறுதி, முதல் கியர் 3.97. அலிசன் 1000 நல்ல பெட்டி. வழுக்கலைக் கண்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள லிம்ப் மோடுக்குப் போய்விடும். டியூனர் வைத்து டார்க் கூட்டியவர்களுக்கு முதலில் போவது பெரும்பாலும் மூன்றாம், ஐந்தாம், ரிவர்ஸ் கியர்களுக்குப் பொதுவான சி3 கிளட்ச். 2005 வரை ஐந்து கியர், 2006 முதல் ஆறு கியர் என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அப்படியே வைக்க முடியாது, கன்ட்ரோலரும் மாற வேண்டும்.

பொருத்தம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேலுள்ள எண் தகட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், மாடல் வருடத்தை வைத்து மட்டும் ஆர்டர் கொடுக்காதீர்கள். இரு சக்கர இயக்கத்துக்கும் நான்கு சக்கர இயக்கத்துக்கும் வெளி ஷாஃப்ட் வேறு. பிடிஓ வாசல் (வேறு கருவிகளை ஓட்டச் சக்தி எடுக்கும் இடம்) இருக்கிறதா, கனெக்டர் எத்தனை பின், 48ஆர்இ என்றால் த்ராட்டில் வால்வை இழுப்பது கேபிளா பிந்தைய மாடலின் மோட்டாரா, எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

உள்ளே போடும் பாகங்களில் விளம்பரம் அதிகம் பேசுவது பிளேட்டுகளைப் பற்றி. ‘இரண்டு பிளேட் கூடுதல்’ என்றால் நன்றாகத்தான் தோன்றும். எப்படிக் கூட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டீல் பிளேட்டுகளை மெலிதாக்கி இடம் பிடித்திருந்தால் அது சந்தேகத்துக்குரிய லாபம். கியர் மாறும் அந்த அரை நொடியில் உண்டாகும் சூட்டை உறிஞ்சிக்கொள்வது ஸ்டீல் பிளேட்தான். மெலிந்தால் உடனே சூடேறி வளையும். டிரம்மை ஆழப்படுத்தியோ, பிஸ்டனையும் அழுத்துத் தகட்டையும் கடைந்தோ இடம் உண்டாக்கி, ஸ்டீலின் தடிமன் குறையாமல் கூட்டியிருந்தால் அது நல்ல வேலை. பாரம் இழுக்கும் டிரக்கில், பிளேட் எண்ணிக்கை குறைந்தாலும் ஸ்டீல் தடிமனாக இருப்பதையே நான் விரும்புவேன்.

கிளட்ச் பேக்கில் விடும் இடைவெளியை அளந்து எழுதியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஃபிரிக்ஷன் பிளேட் ஒன்றுக்குச் சுமார் 0.25 மில்லிமீட்டர் என்பது பட்டறைகளில் புழங்கும் பொதுக்கணக்கு, அந்தந்தப் பெட்டிக்குச் சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி. இடைவெளி அதிகமானால் பிஸ்டன் நெடுந்தூரம் போக வேண்டியிருப்பதால் கியர் தாமதமாக விழும், வழுக்கும். குறைந்தால் கிளட்ச் விடுபட்ட பிறகும் உரசிக்கொண்டே சூடாகும். பூட்டும் முன் ஒவ்வொரு பேக்கையும் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிப்பது கட்டுபவரின் அடிப்படைக் கடமை.

வால்வ் பாடி இன்னும் ஆழமான விஷயம். அலுமினியத் துளைக்குள் வால்வுகள் ஆண்டுக்கணக்கில் முன்னும் பின்னும் ஓடித் துளை தேய்ந்துவிடும். பிரஷர் ரெகுலேட்டர் துளை, லாக்-அப் வால்வு துளை இரண்டும் இதில் முதன்மை. கழுவிப் பூட்டிவிட்டால் பார்க்கப் புதிது போலிருக்கும், சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போனதும் தேய்ந்த துளை வழியே அழுத்தம் கசியும். காலையில் நன்றாக ஓடிய டிரக் மதியம் பாரத்தோடு வழுக்குவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். ஒவ்வொரு துளையையும் வேக்குவம் வைத்துச் சோதித்து, தேய்ந்ததை ரீம் செய்து (சீராகச் சீவிப் பெரிதாக்கி) பெரிய வால்வோ ஸ்லீவோ போட்டார்களா என்று கேட்டால், கட்டுபவரின் தரம் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். சொலினாய்டுகள் புதிதாகவே இருக்கட்டும்.

பில்லட் இன்புட் ஷாஃப்ட் வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எஞ்சின் கம்பெனி நிலையில் இருந்தால் வேண்டாம். அந்தப் பணத்தைக் கன்வர்ட்டருக்கும் கூலருக்கும் போடுங்கள். லைன் பிரஷரை வரம்பில்லாமல் ஏற்றித் தருவதும் வேண்டாம். பம்ப், சீலிங் ரிங்குகள் எல்லாவற்றின் மேலும் அது சுமையாகிறது.

மேடையில் ஓட்டிச் சோதித்த தாள் பெட்டியோடு வந்தால் நல்லது. பெட்டியின் சீரியல் எண், ஒவ்வொரு கியரிலும் லைன் பிரஷர், லாக்-அப் விழுந்ததா என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். கசிவு, தவறாகப் பூட்டிய வால்வு, செத்த சொலினாய்டு ஆகியவற்றை இந்தச் சோதனை பிடித்துவிடும். ஆனால் பல மேடைகள் பெட்டியை லேசான சுமையில்தான் ஓட்டுகின்றன, ஆகவே அந்தத் தாளை வைத்து ஆறு டன் இழுப்பைத் தாங்கும் என்று முடிவுகட்ட முடியாது.

இப்போது உத்தரவாதத்துக்கு வருகிறேன். மாதக்கணக்கைத் தாண்டிச் சீட்டைக் கடைசி வரி வரை படியுங்கள். வணிகப் பயன்பாட்டுக்குத் தனிக் காலவரையறை உண்டா? டிரெய்லர் எடைக்கு வரம்பு உண்டா? டியூனர் இருந்தால் ரத்தா? இறக்கி ஏற்றும் கூலி சேருமா, சேர்ந்தால் மணிக்கு எவ்வளவு வரை? சரக்குக் கட்டணம் இரு வழியும் யாருடையது? கூலர் மாற்றிய அல்லது கழுவிய பில் கேட்பார்களா? பழைய பெட்டிக்காகப் பிடித்துவைக்கும் கோர் தொகை, அதன் வெளிக்கூட்டில் விரிசல் இருந்தால் திரும்பக் கிடைக்குமா? ‘தூர வரம்பு இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டு, பாரம் இழுப்பது வணிகப் பயன்பாடு என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால், இழுவை டிரக் வைத்திருப்பவருக்கு அந்தச் சீட்டு எதற்கும் உதவாது.

தங்கள் குறிப்பில் கூலர் பற்றி ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. ரீபில்ட் பெட்டிகள் சீக்கிரம் சாவதற்குப் பழைய கூலர் ஒரு பெரிய காரணம். எரிந்த பெட்டியின் தூள் முழுவதும் கூலரின் நுண்ணிய வழிகளில் அடைந்து கிடக்கும். புதுப் பெட்டி ஓடத் தொடங்கியதும் அது பெயர்ந்து நேராகப் பெட்டிக்குள் வந்து சேரும், அல்லது வழியை அடைத்து எண்ணெயைச் சூட்டிலேயே சுற்றவிடும். பழைய குழாய் வகைக் கூலரைக் கழுவிப் பார்க்கலாம். தகடுகளை அடுக்கிச் செய்த கூலரை முழுமையாகக் கழுவ முடியாது, மாற்றிவிடுங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் எண்ணெயில் கலந்திருந்தால் ரேடியேட்டரையும் மாற்ற வேண்டும். கூலன்டில் உள்ள கிளைக்கால் ஃபிரிக்ஷன் முகப்பை ஒட்டியிருக்கும் பசையை அவிழ்த்துவிடும், அப்படிப்பட்ட பெட்டியில் ஒரு பிளேட்டும் தேறாது. புதுப் பெட்டி ஏறியதும், திரும்பும் குழாயை ஒரு பாத்திரத்தில் விட்டு ஐடிலில் ஓட்டி ஓட்டத்தை அளந்து பாருங்கள். 20 விநாடியில் ஏறத்தாழ ஒரு லிட்டர் வர வேண்டும். டாட்ஜ் என்றால் நியூட்ரலில் வைத்தே அளக்க வேண்டும். அந்த டிரக்குகள் சிலவற்றின் கூலர் குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறது, அதில் தூள் அடைத்தால் ஓட்டம் நின்றுவிடும். திரும்பும் குழாயில் காந்தத்தோடு ஒரு வெளி ஃபில்டர் வைப்பது மிக மலிவான காப்பு.

பானில் ஒரு வெப்பமானி சென்சார் அவசியம். ஓட்டத்தில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் இயல்பு. 110-ஐ நெருங்கினால் கியரைக் குறைத்து லாக்-அப் விழும்படி ஓட்ட வேண்டும். 115-க்கு மேல் எண்ணெய் வார்னிஷாகப் படியத் தொடங்கும், 125-க்கு மேல் சீல்கள் இறுகும், 145-ஐத் தாண்டினால் பிளேட் பிடிப்பை இழக்கும். சென்சாரைக் கன்வர்ட்டரிலிருந்து வெளிவரும் குழாயில் வைத்தவர்கள் ஏற்றத்தில் இதைவிட மிக உயர்ந்த எண்ணைக் காண்பார்கள், பயப்பட வேண்டாம், லாக்-அப் விழுந்ததும் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் லாக்-அப் வழுக்குகிறது.

எக்சாஸ்ட் பிரேக் (புகை வழியை அடைத்து எஞ்சினால் வேகத்தைக் குறைக்கும் பிரேக்) வைத்திருப்பவர்கள் கட்டுபவரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைச் சுழற்றும்போது லாக்-அப் விழாமலிருந்தால் பிரேக் பிடிக்காது, பாதி அழுத்தத்தில் விழுந்தால் முகப்பு எரியும். எஞ்சின் ஐடிலுக்கு வந்தாலும் போதுமான லைன் பிரஷர் நிற்கும்படி வால்வ் பாடி அமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஏற்றும் வேலையில் இரண்டு தவறுகள் நல்ல பெட்டியை முதல் நாளே கொல்லும். கன்வர்ட்டர் மூன்று நிலைகளில் உள்ளே இறங்க வேண்டும்: டர்பைன் ஷாஃப்ட், ஸ்டேட்டர், கடைசியில் பம்ப். மூன்றாவது நிலைக்குப் போகாமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்ப் நொறுங்கும். பெட்டி எஞ்சினோடு முழுவதும் ஒட்டிய பிறகும் கன்வர்ட்டர் கையால் சுழல வேண்டும், எஞ்சினோடு கன்வர்ட்டரை இணைக்கும் தகடான ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கு முன்னால் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லையென்றால் நிறுத்திவிட்டுத் திரும்ப இறக்குங்கள். இரண்டாவது, எஞ்சின் முகப்பில் பெட்டியை மையத்தில் நிறுத்தும் டவல் பின்கள். ஒன்று குறைந்தாலும் பெட்டி மையம் விலகி உட்கார்ந்து பம்ப் புஷ்ஷைத் தின்னும். ஃபிளெக்ஸ்பிளேட்டில் போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

பூட்டும் முன் கன்வர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றுங்கள். எந்த ஏடிஎஃப் என்பதில் பொதுவான பதில் கிடையாது. டாட்ஜ் பெட்டிகளுக்கு ஏடிஎஃப் பிளஸ் 4, ஃபோர்ட் 5ஆர்110-க்கு மெர்கான் எஸ்பி, 6ஆர்140-க்கு மெர்கான் எல்வி. அலிசனுக்கு டிரான்சின்ட் அல்லது அதே தர எண் கொண்டது. எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும் என்று எழுதிய எண்ணெயை இழுவைப் பெட்டிக்கு ஊற்ற வேண்டாம். அளவை எண்ணெய் சூடான பிறகு, எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும், 47ஆர்இ, 48ஆர்இ-யில் நியூட்ரலில், மற்றவற்றில் பார்க்கில். குறைந்தாலும் அதிகமானாலும் நுரைக்கும், நுரைத்த எண்ணெயால் அழுத்தம் தர முடியாது.

எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பழைய பெட்டியின் தேய்மானத்துக்கேற்பக் கன்ட்ரோலர் கற்றுவைத்த அளவுகள் அப்படியே இருக்கும். ஸ்கேனரால் அவற்றை அழித்து, அலிசனுக்கு ஃபாஸ்ட் லேர்ன், 68ஆர்எஃப்இ-க்குக் குயிக் லேர்ன் செய்யாமல் ஓட்டினால் புதுப் பிளேட்டுகள் முதல் நாளிலேயே வழுக்கும் அல்லது இடிக்கும். இதைச் செய்யும் கருவி தன்னிடம் இல்லை என்று பட்டறை சொன்னால், பெட்டியை அங்கே ஏற்றாதீர்கள்.

முதல் 800 கிலோமீட்டர் டிரெய்லர் இல்லாமல், எல்லாக் கியரும் பலமுறை மாறும்படி நிதானமாக ஓட்டுங்கள். ஸ்டால் சோதனை என்று பிரேக்கை மிதித்து ஆக்சிலரேட்டரை அழுத்துவதை ஐந்து விநாடிக்கு மேல் செய்ய வேண்டாம். பிறகு பானைக் கழற்றிக் காந்தத்தைத் துடைத்து, ஃபில்டரையும் எண்ணெயையும் மாற்றி, வெளி ஃபில்டரை அறுத்துத் திறந்து பாருங்கள். உள்ளே பசையும், புதுப் பிளேட்டின் சிறிது தூளும் மட்டும் இருந்தால் டிரெய்லரை மாட்டலாம். உலோகச் செதில் இருந்தால் படம் எடுத்து, ஃபில்டரைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, அன்றே கட்டுபவரைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மெக்கானிக் ஒருவர்